முடிக்கொத்துக்கு மருந்து இல்லை என்கிறார்களே, ஏன்?

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் மலைவாழை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. பத்துப் பதினைந்து மரங்களில் குருத்து மேலே போகாமல் கொத்தாக நின்றுவிட்டதாம். முடிக்கொத்து என்பது வாழைக்கு வரும் இந்த நோய்தான். மலையிறங்கி மருந்துக்கடையில் ஒரு இலையைக் காட்டியிருக்கிறார். "இது வைரஸ் தம்பி, இதுக்கு மருந்து கிடையாது" என்று சொன்ன கடைக்காரர், கூடவே ஒரு பூச்சிமருந்து பாட்டிலையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இப்போது தம்பியின் கேள்விகள்: மருந்து இல்லை என்றால் பாட்டில் எதற்கு? வைரஸ் என்பது பூச்சியா, கிருமியா, விஷமா? கொரோனாவும் இதுவும் ஒரே ஜாதியா? வெட்டிய அரிவாளில் பரவுமா? பிடுங்கிய குழியிலேயே மறுபடி வாழை வைக்கலாமா?

செடிநோய் ஆய்வுக்கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் பதில் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்ன இரண்டுமே சரி. மருந்தும் இல்லை, பாட்டிலும் தேவைதான். அது எப்படி என்று புரிய, வைரஸ் என்னவாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழில் இதற்கு 'நச்சுயிரி' என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு, அதிலிருந்து வந்த பெயர். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. அது நஞ்சும் இல்லை, முழுசாக உயிரியும் இல்லை. ஒரே சொல்லில் இரண்டு தப்பு. ஆனால் பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் கண்டுபிடித்தவர்களே முதலில் அப்படித்தான் குழம்பினார்கள். 1892இல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி என்பவர், தேமல் விழுந்த புகையிலை இலையை அரைத்து, பாக்டீரியாகூட நுழையமுடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடிந்த தெளிந்த சாறும் நோயைக் கொடுத்தது. 1898இல் ஹாலந்தில் பெய்யரிங்க் இதையே மறுபடி செய்து பார்த்து, இது நஞ்சாக இருந்தால் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகப்போக நீர்த்துப்போக வேண்டுமே, அப்படி நீர்த்துப்போகவில்லையே என்று யோசித்தார். உயிருள்ள திசுவுக்குள் போனால் மட்டும் பெருகுகிறது என்று கண்டு, "உயிருள்ள தொற்றுத் திரவம்" என்றார். அப்புறம் 1935இல் அமெரிக்காவில் ஸ்டான்லி அதே புகையிலை வைரஸைக் கற்கண்டு மாதிரிப் படிகமாக்கிவிட்டார். படிகத்தைப் புட்டியில் போட்டு வைத்தால் உப்பு மாதிரிச் சும்மா கிடக்கிறது, கரைத்து இலையில் தேய்த்தால் தேமல் வருகிறது. உயிருள்ளதா இல்லையா என்ற சண்டை அன்றைக்குத் தொடங்கியது. எனக்கென்னவோ கேள்வியே கோணலாகக் கேட்கப்படுகிறது என்று தோன்றும். விதை நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு இது பயிரா என்று கேட்கிற மாதிரி. புட்டியில் கிடப்பது பொட்டலம். வைரஸ் என்கிற விவகாரம் நடப்பது செல்லுக்குள்.

முதலில் அந்தப் பொட்டலத்தைப் பார்ப்போம். முடிக்கொத்து வைரஸின் ஒரு துகள் சுமார் 20 நானோமீட்டர். இந்தக் கணக்கு யாருக்கும் மனதில் நிற்காது, ஆகையால் தோட்டத்துக் கணக்கில் சொல்கிறேன். அந்தத் துகளை உங்கள் கொடியில் விளையும் மிளகு அளவுக்குப் பெரிதாக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே விகிதத்தில் பெரிதாக்கினால் கொரோனா வைரஸ் ஒரு நெல்லிக்காய். வெறிநாய்க்கடி வைரஸ் ஒருபக்கம் மழுங்கிய தோட்டா, கட்டைவிரலின் மேற்கணுவைவிடக் கொஞ்சம் பெரிது. புகையிலைத் தேமல் வைரஸ் விரல்நீளக் குச்சி. இந்த மலையின் கமலா ஆரஞ்சுக்கு வந்து சேர்ந்த துன்பங்களில் ஒன்றான டிரிஸ்டெசா வைரஸ், ஒரு முழத்துக்கும் கொஞ்சம் மேலே நீண்ட, வைக்கோல் பருமனுள்ள இழை. 2003இல் அமீபாவுக்குள் இருப்பதாக அறிவிக்கப்பட்ட மிமிவைரஸ் ஒரு நார்த் தேங்காய், உண்மையிலேயே மேலெல்லாம் நார் உண்டு அதற்கு. சாதாரண பாக்டீரியா ஒன்று நல்ல பலாப்பழம். வாழை இலையின் ஒரு செல்? மூன்று நான்கு மாடி உயரத்துக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்குள் ஒரு மிளகு உருண்டு போனதுதான் உங்கள் தோட்டத்துக் கதை.

மிளகுக்குள் என்ன இருக்கிறது? ரொம்பக் கொஞ்சம். உள்ளே ஒரு மரபணு இழை, வெளியே புரதக் கூடு. இழை டி.என்.ஏ.வாகவோ ஆர்.என்.ஏ.வாகவோ இருக்கும், ஒரு துகளில் இரண்டில் ஒன்றுதான். சில வைரஸுக்குக் கூட்டின் மேல் ஒரு கொழுப்புப் போர்வையும் இருக்கும். அது சொந்தப் போர்வை இல்லை, வெளியே வரும்போது வீட்டுக்காரன் செல்சவ்வைச் சுருட்டிக்கொண்டு வந்தது. கொரோனா காலத்தில் சோப்பு போட்டுக் கைகழுவச் சொன்னது இந்தப் போர்வையைக் கரைக்கத்தான். செடிகளின் வைரஸ்களில் பெரும்பாலானவற்றுக்குப் போர்வை இல்லை.

கூடு எப்படிக் கட்டப்படுகிறது என்பதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. முடிக்கொத்து வைரஸில் ஒரு துகளுக்குள் இருக்கும் டி.என்.ஏ. வளையத்தின் நீளம் சுமார் 1,000 எழுத்து. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சரம், மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம் என்பது கணக்கு. ஆக முழு வளையத்தையும் பயன்படுத்தினால்கூட முன்னூற்றுச் சொச்சம் அமினோ அமிலம் கொண்ட ஒரே ஒரு புரதத்துக்குத்தான் குறிப்பு எழுத முடியும். அந்த ஒரு புரதம் வளையத்தை மூடப் பற்றவே பற்றாது. அப்படியானால் என்ன வழி? ஒரே அச்சில் செங்கல் வார்ப்பதுதான். ஒரு சின்னப் புரதத்துக்குக் குறிப்பு எழுதிவிட்டு அதையே 60 தடவை செய்யச் சொல்வது. 60 கற்களும் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்தி, 20 முக்கோண முகமுள்ள உருண்டையாகச் சேர்கின்றன, முகத்துக்கு மூன்று கல். சிக்கனம்தான் வைரஸுக்கு இந்த வடிவத்தைக் கொடுத்தது. 1956இல் கிரிக்கும் வாட்சனும் இதைத்தான் வாதமாக வைத்தார்கள். உருண்டை ஒரு வழி, புகையிலை வைரஸ் மாதிரிச் சுருள் படிக்கட்டாக அடுக்குவது இன்னொரு வழி. அதில் 2,130 கற்கள், எல்லாம் ஒரே அச்சு.

1955இல் பெர்க்லியில் பிரெங்கல்-கான்ராட், வில்லியம்ஸ் என்ற இருவர் புகையிலை வைரஸின் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியாகப் பிரித்து, மறுபடி ஒரே குழாயில் கலந்தார்கள். யாரும் கட்டிக்கொடுக்காமல் துகள்கள் தாமே கூடின, இலையில் தேய்த்தால் நோயும் வந்தது. அடுத்த ஆண்டே இன்னொன்று தெரிந்தது: கூடே வேண்டாம், வெறும் ஆர்.என்.ஏ.வைத் தேய்த்தாலும் நோய் வருகிறது, வரும்போது புதுத் துகள்கள் கூட்டோடுதான் பிறக்கின்றன. ஆக வைரஸ் என்பது அந்தச் சீட்டில் எழுதியிருக்கும் வாசகம். மீதியெல்லாம் உறை.

இனி அந்த மிளகு வீட்டுக்குள் போன பிறகு நடப்பது.

செடியின் செல்லுக்குச் சுவர் உண்டு. நம் உடம்புச் செல்லில் வைரஸ் கதவைத் தட்டி உள்ளே போகலாம், செடியில் முடியாது. யாராவது ஓட்டை போட்டுத் தரவேண்டும். உங்கள் வாழையில் அதைச் செய்வது வாழை அசுவினி என்ற சின்னப் பூச்சி. மட்டைக்கு அடியிலும் விரியாத குருத்துக்குள்ளும் கருப்பாக மொய்த்திருக்கும், எறும்பு காவல் இருக்கும். நோய்ப்பட்ட மரத்தில் சில மணி நேரம் உட்கார்ந்து சாறு உறிஞ்சினால் வைரஸ் அதன் வயிற்றுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்துக்கு வந்து, உமிழ்நீர்ச் சுரப்பியில் போய்த் தங்குகிறது. அதற்கப்புறம் அந்த அசுவினி கிட்டத்தட்ட ஆயுள் முழுக்கப் பரப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் அசுவினிக்குள் வைரஸ் பெருகுவதில்லை. அது வெறும் வண்டி.

உள்ளே போன பிறகு கூடு கழன்றுவிடுகிறது. இங்கேதான் நம் வழக்கமான கிருமிக் கற்பனை உடைய வேண்டும். பாக்டீரியா தின்னும், வளரும், இரண்டாகப் பிளக்கும். ஒன்று இரண்டு, இரண்டு நாலு. வைரஸ் அப்படிப் பெருகுவதே இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களை வைத்து 1940களில் செய்த சோதனைகளில், வைரஸ் உள்ளே போன சில நிமிடம் கழித்துச் செல்லை உடைத்துப் பார்த்தார்கள். போட்ட வைரஸும் இல்லை, புதுசும் இல்லை. ஒன்றுகூட இல்லை! இன்னும் கொஞ்ச நேரம் கழித்து உடைத்தால் திடீரென்று பத்து, ஐம்பது, நூறு. அந்த இடைவெளியை 'மறைவுக் காலம்' என்று சொல்லலாம். அந்த நேரத்தில் வைரஸ் பொருளாக இல்லை, நடந்துகொண்டிருக்கும் வேலையாக இருக்கிறது. ஒரு பக்கம் இழைகளுக்குப் பிரதி எடுக்கிறார்கள், இன்னொரு பக்கம் கற்கள் வார்க்கிறார்கள், கடைசியில் ஒரே மூச்சில் பூட்டி முடிக்கிறார்கள். பட்டறையில் வண்டி கட்டுகிற மாதிரி. பாதி வண்டி ஓடாது. டி4 என்ற ஃபேஜுக்கு இதெல்லாம் அரைமணி நேரத்துக்குள் முடிந்து, நூற்றுக்கு மேல் துகள்கள் வெளியே வரும்.

வேலை செய்வது யார்? வீட்டுக்காரன் ஆட்கள். செல்லில் டி.என்.ஏ.தான் மூலப்பத்திரம், அது உட்கருப் பெட்டகத்தில் இருக்கும். அன்றன்றைக்குத் தேவையானதை ஆர்.என்.ஏ. என்ற நகலாக எடுத்து வெளியே அனுப்புவார்கள். வெளியே ரைபோசோம் என்ற வேலையாள் நகலைப் படித்து அதன்படியே புரதத்தைக் கட்டுவார். நகல் யார் கொடுத்தது என்று அவர் கேட்பதே இல்லை. இந்த ஒரு பலவீனத்தில்தான் உலகத்து வைரஸ் அத்தனையும் பிழைப்பு நடத்துகின்றன. ஒரு வைரஸிடமும் சொந்தமாக ரைபோசோம் கிடையாது. தேங்காய் சைஸ் மிமிவைரஸிடமும் கிடையாது.

முடிக்கொத்து வைரஸ் கொண்டுவருவது ஒற்றை இழை டி.என்.ஏ., அதாவது பாதிப் பத்திரம். உட்கருவுக்குள் போனதும் வாழையின் சொந்த இயந்திரமே மறுபாதியை எழுதி இரட்டை இழையாக்கிவிடுகிறது. அப்புறம் வாழையின் இயந்திரமே நகல் எடுக்கிறது, வாழையின் ரைபோசோமே புரதம் செய்கிறது. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. முழுசாக வளர்ந்த செல்லில் பிரதி எடுக்கும் பட்டறை பூட்டிக் கிடக்கும். அதற்கும் வைரஸிடம் ஒரு புரதம் இருக்கிறது, தூங்குகிற செல்லைப் பிளவுக்குத் தயாராகிற நிலைக்குத் தள்ளிவிடும். சொந்தமாகக் கொண்டுவந்த முக்கியமான கருவி இன்னொன்று: வளையத்தில் ஓரிடத்தில் வெட்டுப்போட்டுப் பிரதி எடுப்பதைத் தொடங்கிவைக்கும் புரதம். மீதி எல்லாம் இரவல்.

இதில் எனக்கு இன்றும் ஆச்சரியம் தீராத விஷயம் ஒன்று. இந்த வைரஸின் வாசகம் ஒரே சீட்டில் இல்லை. ஆறு வளையங்கள். பிரதி தொடங்க ஒன்று, கூட்டுக்கு ஒன்று, செல்லுக்குச் செல் நகர ஒன்று என்று ஆளுக்கொரு வேலை. ஆறும் ஒரே கூட்டுக்குள் வருவதில்லை, ஒவ்வொன்றும் தனித்தனிக் கூட்டில் வருகின்றன. ஃப்ளூ வைரஸுக்கும் எட்டுத் துண்டு உண்டு, ஆனால் எட்டையும் ஒரே பையில் கட்டிக்கொண்டு வரும். இது ஆறு தனிப் பொட்டலம். அசுவினி ஒன்றை விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் தேநீர் நேரத்தில் வெகுகாலம் வாதாடியிருக்கிறோம். இதன் உறவுக்கார வைரஸ் ஒன்றை ஐரோப்பிய மொச்சைச் செடியில் வைத்து 2019இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பார்த்தபோது, துண்டுகள் எல்லாம் ஒரே செல்லுக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை என்று தெரிந்தது. ஒரு செல்லில் ஒரு துண்டு, பக்கத்துச் செல்லில் இன்னொன்று, செய்யப்பட்ட பொருள் செல்லுக்குச் செல் கைமாறுகிறது. கூட்டுக் குடும்பம் நாலு வீட்டில் பிரிந்து இருந்துகொண்டு ஒரே உலையில் சோறு பொங்குகிற மாதிரி.

சரி, கொரோனாவும் இதுவும் ஒரே ஜாதியா என்ற கேள்விக்கு வருவோம். மிருகம், செடி என்று எதைத் தாக்குகிறது என்பதை வைத்து வைரஸைப் பிரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். 1971இல் டேவிட் பால்டிமோர் ஒரு எளிய வழி சொன்னார். ரைபோசோம் படிக்கிற நகலை இந்த வைரஸ் எந்த வழியாகத் தயாரிக்கிறது? அதை மட்டும் கேள். அப்படிக் கேட்டால் மொத்தம் ஏழு வழி.

இரட்டை இழை டி.என்.ஏ. கொண்டுவருவது முதல் வழி. பெரியம்மை, சின்னம்மை எல்லாம் அது. ஒற்றை இழை டி.என்.ஏ. இரண்டாவது. நம் முடிக்கொத்தும் நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோவும் இதில் பக்கத்துப் பக்கத்து வீடு. மூன்றாவது இரட்டை இழை ஆர்.என்.ஏ.: குழந்தைகளுக்குப் பேதி கொடுக்கும் ரோட்டா, ஆட்டுக்கு வரும் நீலநாக்கு.

நான்காவதும் ஐந்தாவதும்தான் கவனித்துப் பார்க்க வேண்டியவை. நான்காவது வகை கொண்டுவரும் ஆர்.என்.ஏ. நேரடியாகவே நகல் வடிவில் இருக்கிறது. உள்ளே விழுந்த உடனே ரைபோசோம் படிக்கத் தொடங்கிவிடும். கொரோனா, டெங்கு, போலியோ இப்படித்தான். கொடைக்கானல் பக்கத்து உருளைக்கிழங்குக்கு ஆகாத ஒய் வைரஸும், ஏலக்காயில் வரும் கட்டே நோயின் வைரஸும், பூண்டில் பல்லோடு பல்லாகத் தலைமுறை கடக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவையும் இதே வகை. ஆக, தம்பி, கொரோனாவுக்கு உங்கள் ஊரில் உறவு தேட வேண்டுமானால் வாழையில் தேடாதீர்கள், ஏலக்காயில் தேடுங்கள்.

ஐந்தாவது வகையில் ஆர்.என்.ஏ. ரப்பர் ஸ்டாம்பு மாதிரித் தலைகீழ் எழுத்து. அதை அப்படியே படிக்க முடியாது, தாளில் குத்தி எடுத்தால்தான் வாசகம் வரும். சங்கடம் என்னவென்றால் நம் செல்லில் ஆர்.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. எடுக்கும் வேலைக்கு இப்படி ஓர் ஆள் இல்லை. நான்காம் வகை அந்த ஆளை வந்த இடத்தில் செய்துகொள்ளும், ஏனென்றால் அதன் வாசகம் நேராக இருக்கிறது. ஐந்தாம் வகைக்கு அந்த வசதியும் இல்லை. ஆகையால் ஸ்டாம்பு குத்துகிற ஆளையும் பொட்டலத்துக்குள்ளேயே வைத்துக் கூட்டிவருகிறது. வெறிநாய்க்கடி, ஃப்ளூ, தட்டம்மை, நிபா எல்லாம் இந்த ரகம்.

வெறிநாய்க்கடி என்றதும் குன்னூர் ஞாபகம் வருகிறது. நீலகிரியில் நாய்க்கடிக்கு ஊசிமருந்து செய்த பாஸ்டர் நிறுவனம் அங்கே தொடங்கியது 1907இல். என் வயதுக்காரர்களுக்கு நாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இருக்கும். அந்த மருந்தை ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து, பின் அதைச் செயலிழக்க வைத்துத் தயாரித்தார்கள். ஏன் ஆட்டு மூளை? வைரஸைத் தட்டில் கஞ்சி ஊற்றி வளர்க்க முடியாது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். பின்னாளில் குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து அதில் வைரஸைப் பெருக்கும் முறை வந்தது. குன்னூரிலும் அந்த முறைக்கு மாறினார்கள். மூளை ஊசி நாட்டிலேயே வழக்கொழிந்தது. கடித்த பிறகு போட்டாலும் அந்த ஊசி வேலை செய்வதற்குக் காரணம், இந்த வைரஸ் ரத்தத்தில் ஓடாமல் நரம்பு வழியாக மூளையை நோக்கி மெதுவாக ஏறுவதுதான். பெரும்பாலும் ஒரு மாதம், மூன்று மாதம் ஆகும். அதற்குள் உடம்பைத் தயார்செய்துவிடலாம். மூளைக்குப் போய்விட்டால் கதை முடிந்தது. ஆகவே நாய் கடித்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்கும் போர்வை உண்டு, சோப்பு அதையும் கரைத்துவிடும்.

ஆறாவது எச்.ஐ.வி. போன்ற ரெட்ரோ வைரஸ்கள். நகலைக் கொண்டுவந்து, அதிலிருந்து பின்னோக்கி மூலப்பத்திரம் எழுதி, நம் பெட்டகத்துப் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்துவிடும். ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. எழுதும் அந்த நொதியை 1970இல் பால்டிமோரும் டெமினும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். நோபல் பரிசு 1975இல் வந்தது. ஏழாவது வகை டி.என்.ஏ.வாக வந்து, ஆர்.என்.ஏ.வாகி, மறுபடி டி.என்.ஏ.வாகிற சுற்றுவழி. மஞ்சள்காமாலை கொடுக்கும் ஹெபடைட்டிஸ் பி இதில் இருக்கிறது. வாழைக்கும் இதில் ஒன்று உண்டு, வாழைக் கீற்று வைரஸ். காட்டு வாழை இனங்களில் ஒன்றான பல்பிசியானாவின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே இதன் வாசகம் தைக்கப்பட்டுக் கிடக்கிறது. அந்த வழியில் வந்த கலப்பின ரகங்கள் சிலவற்றில், செடி வாட்டம் கண்டால் அது எழுந்து நோயாகிவிடும். அதைக் கொண்டுவந்து சேர்க்க மாவுப்பூச்சிகூட வேண்டாம். வாழையைச் சொல்லிச் சிரிக்க வேண்டாம், நம் மரபணுத் தொகுதியிலேயே சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோ வைரஸ்களின் மிச்சம்.

பால்டிமோர் வழி தவிர, குடும்பம் பேரினம் என்று வம்சாவளி வகைப்பாடும் இருக்கிறது. அதற்கென்று ஒரு சர்வதேசக் குழு 1966இலிருந்து வேலை செய்கிறது. அவர்கள் பெயர் மாற்றும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடிந்ததில்லை. முடிக்கொத்து வைரஸ் நானோவிரிடே குடும்பத்தில் பாபுவைரஸ் பேரினம் என்று தெரிந்தால் போதும்.

இப்போது மருந்துக்கடைக்குத் திரும்புவோம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து எப்படி வேலை செய்கிறது? அதற்குச் சொந்தமான சுவரையோ அதன் ரைபோசோமையோ தாக்கும். வைரஸிடம் எதைத் தாக்குவது? பிரதி எடுப்பது வாழையின் இயந்திரம், புரதம் செய்வது வாழையின் ரைபோசோம். நிறுத்தினால் வாழைதான் சாகும். மனிதருக்கு வரும் சில வைரஸ்களுக்கு மருந்து இருக்கிறதே என்றால், அங்கே வைரஸுக்குச் சொந்தமாக ஒரு நொதி இருக்கும், எச்.ஐ.வி.யின் பின்னோக்கி எழுதும் நொதி மாதிரி. அதைக் குறிவைத்துத்தான் மருந்து. வயலில் தெளித்து வாழையை வைரஸிலிருந்து குணப்படுத்தும் மருந்து என்று ஒன்று இன்று இல்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள். வித்தியாசம் தெரிய ஓர் உதாரணம்: எலுமிச்சை, ஆரஞ்சை அழிக்கும் கிரீனிங் நோயை ரொம்ப நாள் வைரஸ் என்றே நினைத்திருந்தார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் டெட்ராசைக்ளின் மருந்தைச் செலுத்தினால் அறிகுறி தணிந்தது. வைரஸாக இருந்தால் தணியாதே! அது பாக்டீரியா என்ற முடிவுக்கு வர அதுவும் ஒரு சாட்சியாக இருந்தது.

பாட்டில் எதற்கென்றால் அசுவினிக்கு. அசுவினிக்கு வைரஸை எடுக்கவும் கொடுக்கவும் மணிக்கணக்கில் உட்கார்ந்து குடிக்க வேண்டியிருப்பதால், அதற்குள் பூச்சிமருந்து அதைப் பிடித்துவிட வாய்ப்பு உண்டு. உருளைக்கிழங்கு ஒய் வைரஸில் இந்தக் கணக்கு பலிக்காது. அது அசுவினியின் வாய்முனையில் ஒட்டிக்கொண்டு போவது, ஒருமுறை குத்திப் பார்த்தாலே சில நொடியில் ஏறிவிடும். மருந்து வேலை செய்யுமுன் அசுவினி நாலு செடியைக் குத்திவிட்டுத்தான் சாகும்.

பாட்டிலை எப்போது தெளிப்பது என்பதுதான் முக்கியம். பலர் நோய்மரத்தை முதலில் வெட்டிச் சாய்த்துவிடுகிறார்கள். வாடத் தொடங்கிய மரத்திலிருந்து அத்தனை அசுவினியும் வைரஸோடு பக்கத்து மரத்துக்குக் குடிபெயரும். முதலில் குருத்துக்குள்ளும் மட்டை இடுக்கிலும் தெளித்து அசுவினியைக் கொல்லுங்கள். அதற்கப்புறம் கிழங்கோடு தோண்டி எடுத்துத் துண்டாக்கிக் காயவிடுங்கள். பக்கக் கன்றுகள் பார்க்க நன்றாக இருந்தாலும் விடக்கூடாது, ஒரே கிழங்கு என்றால் ஒரே வைரஸ். புதிதாக நோய் ஏறிய மரத்தைக் கண்டுபிடிக்க இலைக்காம்பின் அடியையும் இலையின் பின்பக்க நரம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். கரும்பச்சையில் புள்ளியும் சிறுகோடுமாக, தந்தி அடித்த மாதிரி இருக்கும். நோய் ஏறியதற்கும் இது தெரிவதற்கும் நடுவே ஒன்றிரண்டு மாதம் ஓடிவிடும். ஆகவே ஒருதடவை பார்த்துவிட்டு முடிந்தது என்று விடாமல் திரும்பத் திரும்பச் சுற்றிவர வேண்டும்.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி வாழையை இந்த மலையில் முடிக்கொத்து அந்த அளவுக்குத் துடைத்தெடுத்ததற்குக் காரணம் நம் சாகுபடி முறையிலேயே இருந்தது. கீழ்நாட்டு வாழை மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து மாற்றுவதில்லை. காப்பிக்கு நடுவே ஒருமுறை வைத்தால் தாய்மரம் போய்க் கன்று, கன்று போய்க் கன்று என்று பல வருஷம் நிற்கும். வைரஸுக்கும் அதே வசதி. நோய் தெரிவதற்குள் கன்று பெயர்த்து அடுத்த மலைக்குக் கொடுத்தும் விடுகிறோம். 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்குள் வந்ததாகச் சொல்லப்படும் நோய் இவ்வளவு தூரம் ஏறியது அசுவினியின் சிறகால் மட்டும் இல்லை, நம் சாக்குப் பையாலும்தான்.

புதுக் கன்று வாங்கினால் வைரஸ் சோதனை செய்த தாய்மரத்திலிருந்து எடுத்த திசு வளர்ப்புக் கன்றாகப் பார்த்து வாங்குங்கள். வளர்முனையின் நுனியில் வைரஸ் ரொம்பக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும் என்பதை வைத்து 1952இல் பிரான்சில் டாலியா செடியில் தொடங்கிய உத்தி இது. ஆனால் 'டிஷ்யூ கல்ச்சர்' என்று எழுதியிருந்தாலே சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள். தாய்மரத்தைச் சோதிக்காமல் பெருக்கினால் ஒரு வைரஸை ஆயிரமாக்கிப் பையில் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். நானே ஒரு நாற்றங்காலில் அப்படி 40 கன்று வாங்கி, ஆறு மாதத்தில் முக்கால்வாசியைத் தோண்டி எறிந்தேன். தொழில் தெரிந்தவன் என்று பெயர் வேறு.

அரிவாளில் பரவாது. இந்த வைரஸ் சாறு ஓடும் குழாய்த்திசுவுக்குள்ளேயே வாழ்வது, அசுவினியின் ஊசி வாய்தான் அங்கே சரியாகப் போய்ச் சேரும். அரிவாளில் பரவுவது வாழையின் பாக்டீரியா வாடல் போன்றவை, அதற்காக அரிவாளைக் கழுவுவது நல்ல பழக்கம்தான். குழியில் மறுபடி வாழை வைக்கலாம். மண்ணில் இந்த வைரஸ் தங்காது, உயிருள்ள வாழையும் அசுவினியும் இல்லாத இடத்தில் அதற்கு ஒரு வேலையும் நடக்காது. ஆனால் குழியை நன்றாகக் கிளறிப் பாருங்கள். உள்ளங்கை அளவு கிழங்குத் துண்டு விட்டுப்போயிருந்தாலும் அடுத்த மழைக்கு அது துளிர்க்கும், துளிர்க்கும்போதே கொத்தாகத்தான் வரும். அப்படி ஒன்று வந்தால் புதுக் கன்று வைப்பதை இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள்.